எட்டு மடங்கு நீர் எங்கே? – கல்முனைக் கரையோரத்துக் கழிவுநீர்ப் பிரச்சினை

கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றில் விடுதல் பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும் இரண்டு குரல்கள் உடன் எழுகின்றன. ஒன்று பொறியியலாளரின் குரல்: வெளியேறும் நீர் சட்டம் விதித்த தரத்துக்கு உட்பட்டிருக்கும், ஆதலால் அஞ்சுதற்கு இடமில்லை என்பது அது. மற்றது ஆற்றங்கரையில் வாழ்வோரின் குரல்: என்ன செய்தாலும் மலநீர் மலநீரே, அதனை எங்கள் ஆற்றில் விடலாகாது என்பது. படித்தோர் பலர் முன்னதை அறிவியலின் குரலாகவும் பின்னதை அறியாமையின் குரலாகவும் கொள்வது வழக்கம். அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களைப் பொறுத்தவரை இப்பாகுபாடு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். சட்டம் விதித்த தரத்தின் உள்ளேயே ஒரு நிபந்தனை அடங்கியுள்ளது. அந்நிபந்தனையை இக்கரையோரத்து நீர்நிலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் நிறைவேற்ற மாட்டா. இதனை விளங்கிக்கொள்ள முதலில் நிலத்தின் அமைப்பையும், பின்னர் தரம் என்னும் சொல்லின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும்.

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த இக்கரையோரம் ஓர் ஒடுங்கிய மணற் பட்டியாகும். கிழக்கே கடல். மேற்கே கரைவாகு வயல்வெளியும், மட்டக்களப்பு வாவியின் தென்கோடியும், கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் நெல்வயல்களும். இவற்றுக்கு இடையே கிடக்கும் மணற்றிடலிலேயே வீடுகள் நெருங்கி நிற்கின்றன. இலங்கையின் அடர்ந்த குடியிருப்புகளுள் வைத்தெண்ணத்தக்கவை இவ்வூர்கள். மேற்கே விரிய வயல் விடாது. கிழக்கே விரியக் கடல் விடாது. 2004 டிசம்பர் 26 இல் கடல் உட்புகுந்து பேரழிவு விளைவித்த பின்னர், கரையை அண்டி வாழ்ந்தோர் பலரும் இதே பட்டியின் உட்பகுதிக்கே ஒதுங்க நேர்ந்தது.

இங்கு ஆறு எனப்படுவதைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். மலைநாட்டு வாசகர் ஆறு என்றதும் இடைவிடாது ஓடும் நீரையே எண்ணுவர். இக்கரையோரத்தில் ஓடும் நீர் பருவத்துக்கு உரியது. வடகீழ்ப் பருவமழை பெய்யும் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் வயல்வெளி முழுதும் நீர்க்காடாகும். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து, நாவிதன்வெளிப் பக்கத்துக்கும் கல்முனைக்குமான போக்குவரத்துத் தடைப்படும். சாய்ந்தமருதிலும் அயலிலும் தோணா என வழங்கும் வடிகால்கள் நிரம்பி, மணற்றிட்டை உடைத்துக்கொண்டோ மனிதர் வெட்டிவிட்ட வாயினாலோ கடலை அடையும். மழை ஓய்ந்ததும் கடல் அலை மணலை மீண்டும் குவித்து வாயை மூடிவிடும். பின்னர் அடுத்த மாரிவரை அந்நீர் அங்கேயே கிடந்து வெயிலில் வற்றும். ஒலுவிற் பக்கத்துக் களியோடை கல்லோயாவின் வடிநீரைப் பெறுவதால் சற்று வேறுபட்டது. எனினும் அதன் ஓட்டமும் மேலே குளத்தின் மதகு திறக்கப்படுவதையும், வயல்களின் தேவையையும் பொறுத்தது.

தற்போது இவ்வூர்களின் கழிவுநீர் எங்கே செல்கின்றது? இலங்கையிற் குழாய்வழிக் கழிவுநீர்த் தொகுதியின் பயனைப் பெறுவோர் ஏறத்தாழ 2 வீதத்தினரே. அவர்களுள்ளும் பெரும்பாலார் கொழும்பையும் அதன் அயலையும் சேர்ந்தவர்கள். ஏனைய ஊர்களைப் போலவே இங்கும் வீட்டுக்கு வீடு மலக்குழிதான். குழி நிரம்பினால் கல்லி பவுசர் வரும். குழியிலிருந்து கசியும் நீர் மணலினூடே இறங்கி நிலத்தடி நீரைச் சேரும். மணல் மிக விரைவாக நீரை விடும். நிலத்தடி நீரோ சில அடி ஆழத்திலேயே உள்ளது. அதே வளவில், அல்லது அடுத்த வளவில், கிணறும் உள்ளது.

கொண்டவட்டுவானிலிருந்து குழாய்நீர் வந்தமை பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் மறுபக்கத்தை எவரும் கணக்கிற் கொண்டதாகத் தெரியவில்லை. வாளியால் அள்ளிக் குளித்த வீட்டின் நீர்ச்செலவும், குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்கும் வீட்டின் நீர்ச்செலவும் ஒன்றல்ல. வழங்கப்படும் நீரில் ஏறத்தாழ 80 வீதம் கழிவுநீராக மீளும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. அவ்வாறெனின் குழாய்நீரைக் கொணர்ந்தபோதே கழிவுநீரையும் கொணர்ந்தோம் என்றாகின்றது. நீர்க்குழாய் திறப்பதற்கு விழா எடுப்பார் உண்டு. வடிகால் திறப்பதற்கு விழா எடுத்தாரை இந்நாட்டு அரசியலிற் காண்டல் அரிது.

எனவே, ஒன்றும் செய்யாதிருத்தல் மாசற்ற தெரிவு என்று கொள்வதற்கில்லை. மலக்குழிகளிலிருந்து கசியும் நைத்திரசன் நிலத்தடியில் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றைச் சேர்கின்றது. குடிநீரில் இது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாய்வதுண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கிணறுகளைக் கொண்டு 1945 இல் இவ்வுண்மை வெளிப்படுத்தப்பட்டது. இலங்கையிலும் கற்பிட்டியின் மணற்பாங்கான நிலத்திலும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்திலும் நைத்திரேற்று மிகுதி 1980களிலேயே ஆராயப்பட்டது. அங்கெல்லாம் உரத்துக்கும் பெரும் பங்குண்டு. எனினும் மணலும் நெருக்கமும் மலக்குழியும் ஒருங்கே சேர்ந்த கல்முனை போன்றதோர் இடத்தில் பொதுத் தொகுதி ஒன்று வேண்டும் என்று கூறும் பொறியியலாளரின் கூற்றை மறுத்தல் இயலாது. வினா அத்தொகுதியின் முடிவிடம் பற்றியது.

சுத்திகரிப்பு என்பது யாது? முதலிற் கம்பித் தட்டிகளால் பெருங்கழிவுகள் தடுக்கப்படும்; பின்னர் மணலும் படிவும் அடியில் தங்கவிடப்படும்; அதன்பின் நீரினுள் காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று பெருகுமாறு செய்யப்படும். இம்முறை 1914 இல் மான்செஸ்டரில் ஆர்டேன், லொக்கெற் என்னும் இருவரால் வகுக்கப்பெற்றது. இன்றும் உலகின் பெரும்பாலான நிலையங்கள் அதன் வேறுபாடுகளையே கைக்கொள்கின்றன. பெருகிய நுண்ணுயிர்த் திரளை அடியிற் படியவிட்டு, தெளிந்த நீரைக் குளோரினால் தொற்றுநீக்கி வெளிவிடுவர். இவ்வாறு வரும் நீர் கண்ணுக்குத் தெளிவானது. மணமும் பெரிதும் அற்றது. ஆனால் நைத்திரசனையும் பொசுபரசையும் சாதாரண நிலையங்கள் முழுமையாக அகற்றுவதில்லை. அதற்கு வேறு படிமுறைகளும் வேறு செலவும் வேண்டும். வேறு சொற்களிற் கூறின், சுத்திகரித்த கழிவுநீர் அழுக்கு நீங்கிய, ஆயின் உரம் நீங்காத நீராகும்.

இனித் தரம் பற்றி நோக்குவோம். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பிரித்தானியப் பாராளுமன்றத்தையே நிலைகுலையச் செய்தது பலரும் அறிந்த செய்தி. பாதாளச் சாக்கடைகள் அமைந்த பின்னரும், எவ்வளவு தூய்மையான நீரை ஆற்றில் விடலாம் என்னும் வினாவுக்கு விடை காணப்படவில்லை. 1898 இல் அமைக்கப்பட்டு 1915 வரை இயங்கிய அரச ஆணைக்குழு ஒன்று, 1912 இல் வெளியிட்ட தனது எட்டாவது அறிக்கையில் இதற்கு விடை கூறிற்று. நீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைப்பதற்கு ஐந்து நாளில் எவ்வளவு ஒட்சிசன் தேவைப்படும் என்பதே அளவுகோல். இதனை உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி என்பர். அது லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கும், மிதக்கும் திண்மங்கள் 30 மில்லிகிராமுக்கும் மேற்படாதிருத்தல் வேண்டும் என ஆணைக்குழு விதித்தது.

இவ்வெண்கள் எவ்வாறு பெறப்பட்டன என்பதே நமக்கு முக்கியமானது. ஓர் ஆற்றின் ஒட்சிசன் கேள்வி 4 மில்லிகிராமைத் தாண்டினால் அந்நீர் கெடத் தொடங்கும் என ஆணைக்குழு கண்டது. தூய ஆற்றிலேயே 2 மில்லிகிராம் இருக்கும். ஒரு பங்கு கழிவுநீருடன் எட்டுப் பங்கு ஆற்றுநீர் கலந்தால், 20 உடன் எட்டிரண்டு 16 சேர்ந்து 36 ஆகும். அதனை ஒன்பது பங்காக்க 4 வரும். கணக்கு அவ்வளவே. எனவே 20 என்னும் எண் தனித்து நிற்கவில்லை. எட்டு மடங்கு தூய நீர் என்னும் ஊன்றுகோலைப் பற்றிக்கொண்டு நிற்கின்றது. சோதனைக்கு ஐந்து நாளைத் தெரிந்ததற்கும், இங்கிலாந்தின் ஆறுகள் அக்காலத்துக்குள் கடலை அடைந்துவிடும் என்பதே காரணம் எனப் பாடநூல்கள் கூறுவதுண்டு. நமது களப்பு நீர் கடலை அடைய ஐந்து மாதம் காத்துக்கிடக்க நேர்வதை அவ்வாணைக்குழுவினர் அறிந்திருக்க நியாயமில்லை.

இலங்கையின் தேசிய சுற்றாடற் சட்டம் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டமாகும். அதன்கீழ் 1990 இல் வர்த்தமானியில் வெளியிடப்பட்டு, 2008 இல் திருத்தியமைக்கப்பட்ட தர அட்டவணை, உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் ஒட்சிசன் கேள்வியை 30 மில்லிகிராமாகவும், மிதக்கும் திண்மங்களை 50 மில்லிகிராமாகவும் வரையறுத்தது. மலத்துடன் வரும் கோலிவடிவப் பற்றீரியாக்கள் 100 மில்லிலீற்றரில் 40 க்கு மேற்படலாகாது என்றது. பொதுமக்களுக்குக் கூறப்படுவன இவ்வெண்களே. அட்டவணையின் அடியிலோ ஒரு குறிப்பு உண்டு. இப்பெறுமானங்கள் கழிவுநீர் குறைந்தது எட்டு மடங்கு தூய நீருடன் கலத்தலை அடிப்படையாகக் கொண்டவை; கலப்பு அதனிற் குறையுமாயின், வரையறையும் அதே விகிதத்திற் குறையும் என்பதே அதன் பொருள். 1912 இன் ஊன்றுகோல் நமது வர்த்தமானியிலும் அப்படியே இருக்கின்றது!

இக்குறிப்பைக் கைக்கொண்டு கணக்கிடுவோம். ஏற்கும் நீர் இரண்டு மடங்கே எனின் வரையறை 30 அன்று. 30 இன் நாலிலொரு பங்கான 7.5 ஆகும். நீர் ஒரு மடங்கே எனின் 3.75 ஆகும். வாய் மூடி, உள்வரத்தும் அற்றுக் கிடக்கும் தோணாவில் ஓடும் தூய நீர் என்று சொல்வதற்கே ஒன்றும் இல்லை. அங்கே வரையறை பூச்சியத்தை நாடும். சாதாரண நிலையம் எதனாலும் எட்ட முடியாத அளவு அது. ஆகவே "சட்டத் தரத்துக்கு உட்பட்ட நீர்" என்னும் உறுதிமொழி, எந்த மாதத்தில், எந்த நீர்நிலையில் என்று கூறப்படாதவரை பொருளற்றது. எங்கள் ஆற்றில் விடாதே என்று கூறும் மீனவர் இந்த வர்த்தமானியைப் படித்திருக்கமாட்டார். ஆயினும் ஆவணி மாதத்துத் தோணாவை அவர் பார்த்திருக்கிறார்.

இதே அட்டவணையில் இன்னுமொரு குறையும் உண்டு. அமோனிய நைத்திரசனுக்கு அது வைத்த எல்லை 50 மில்லிகிராம். சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரிலேயே பொதுவாக அதற்கு மேல் இருப்பதில்லை. அஃதாவது களப்புக்கு மிகவும் ஊறு செய்யவல்ல பொருளை அகற்றுமாறு சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஓடும் ஆற்றில் இது பெருங்கேடாகாதிருக்கலாம். தேங்கிய நீரில் நைத்திரசனும் பொசுபரசும் பாசியைப் பெருக்கும். பகலில் ஒட்சிசனை வெளிவிடும் பாசி இரவில் அதனை உறிஞ்சும். மடிந்தபின் அழுகுதற்கும் ஒட்சிசனையே வேண்டும். வெப்பநிலையும் நமக்கு எதிராகவே நிற்கின்றது. ஆணைக்குழுவின் சோதனை வெப்பநிலையான 18 பாகை சென்ரிகிரேட்டில் நன்னீர் லீற்றருக்கு ஏறத்தாழ 9.5 மில்லிகிராம் ஒட்சிசனை ஏந்தும். 30 பாகையில் 7.5 மில்லிகிராமே ஏந்தும், அழுகலோ விரைவுபடும். விடியற்காலையில் மீன்கள் மேலெழுந்து வாய் பிளந்து மிதப்பதன் காரணம் இதுவே.

ஒப்புநோக்குக்குக் கண்டியை எடுத்துக்கொள்ளலாம். யப்பானியக் கடனுதவியுடன் 2010 இல் ஒப்பந்தமாகிய கண்டி நகரக் கழிவுநீர்த் திட்டத்தின் சுத்திகரிப்பு நிலையம் கன்னொறுவையில் மகாவலிக் கரையில் அமைந்தது. இலங்கையின் மிக நீண்ட ஆறு அது. ஈரவலயத்து மலைகளின் நீரைச் சுமந்துவருவது. எட்டு மடங்கு என்பது அங்கே எளிதிற் கிட்டும். எனினும் அதற்குக் கீழே கட்டுகஸ்தோட்டையில் பெருங்கண்டிக்கான குடிநீர் எடுக்கப்படுகின்றது. அதற்கும் கீழே 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணை அந்நீரின் ஒரு பகுதியைச் சுரங்கவழியாக வடக்கே உலர்வலயத்துக்குத் திருப்புகின்றது. ஓடும் ஆற்றிலேயே ஒருவரின் கழிவு இன்னொருவரின் குடிநீருக்கு மேலே விடப்படுவதால் இடையறாத கண்காணிப்பு வேண்டும் என்றால், ஓடாத நீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கண்டிக்கு வரைந்த திட்டப்படத்தைக் கரையோரத்துக்குப் பெயர்த்தெழுத முடியாது என்பது மட்டும் தெளிவு.

வாய் வெட்டுதல் என்னும் பழைய வழக்கு இவ்விடத்து மனங்கொளத்தக்கது. மாரியில் வயல் மூழ்கும்போது உழவர் வாயை வெட்டிவிடுமாறு கோருவர். நீர் வடிந்தால் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்று களப்பு மீனவர் தடுப்பர். காலம் பிந்தி வெட்டினால் உவர்நீர் ஏறும் என்று உழவரே பின்னர் அஞ்சுவர். வயல்நீரைப் பங்கிட வட்டவிதானை என்னும் ஊர்ப்பதவி இருந்ததைப் போலவே, வாய் வெட்டுதற்கும் பேசித் தீர்க்கும் மரபு ஒன்று இருந்துவந்தது. கழிவுநீர் நிலையம் வருமாயின் இவ்விரு நலன்களுடன் மூன்றாவது நலனொன்று சேரும். தேங்கிய கழிவை வெளியேற்ற வாயைத் திற என்று நகரம் கேட்கும். நகரத்தின் குரல் உழவரதும் மீனவரதும் குரலினும் உரத்தது என்பதை வரலாறு பலவிடங்களிற் காட்டியுள்ளது.

முஸ்லிம் ஊர்களில் இவ்வெதிர்ப்புக்கு மார்க்க உணர்வே காரணம் என்றும், அது தீராது என்றும் சிலர் கருதுவர். இது ஆராயாது கூறும் கூற்று. நீரின் தூய்மை பற்றி இஸ்லாமியச் சட்டவியல் நுணுகி ஆராய்ந்துள்ளது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லத்து அளவை எட்டிய நீர், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 லீற்றர், அசுத்தம் வீழ்ந்ததனால் மட்டும் கெடுவதில்லை. நிறம், சுவை, மணம் ஆகியவற்றுள் ஒன்று மாறினாலே கெடும். அளவு சிறிதாயின் சிறு அசுத்தமும் கெடுக்கும். ஏற்கும் நீரின் அளவையும் அதில் நிகழும் மாற்றத்தையும் ஒருங்கே நோக்கும் இம்முறை, 1912 இன் ஆணைக்குழு கேட்ட வினாவுக்கு அயலானதன்று. சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை 1978 இல், கழிவுநீர் முற்றாகச் சுத்திகரிக்கப்பட்டு இயல்பு நிலைக்கு மீளுமாயின் அது தூய நீரே என்றும், உடல்நலத்துக்குத் தீங்கில்லையேல் வுழூவுக்கும் பயன்படுத்தலாம் என்றும் தீர்மானித்தது. ஆகவே கதவு மூடியிருக்கவில்லை. மறுபுறம், மார்க்கத் தடை எதுவுமற்ற ஆஸ்திரேலியாவின் தூவும்பா நகரிலே, சுத்திகரித்த நீரைக் குடிநீருடன் சேர்க்கும் திட்டத்தை 2006 இல் வாக்காளரில் ஏறத்தாழ 62 வீதத்தினர் நிராகரித்தனர். நமீபியாவின் விண்ட்ஹூக் 1968 முதலும், சிங்கப்பூர் 2003 முதலும் அத்தகைய நீரைப் பயன்படுத்தி வருகின்றன. இவ்வேறுபாட்டில் நிருவாகத்தின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கைக்கும் பெரும் பங்குண்டு.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. ஆயின் எதுவும் இலவசமன்று. கொழும்பைப் போல ஆழ்கடலுக்குக் குழாய் கொண்டுசெல்லலாம். கரைவலை இழுப்போரும் கரைக்கண்மையில் மீன்பிடிப்போரும் அதன் விலையைக் கொடுப்பர். சென்னையின் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 இல் தொடங்கப்பட்ட நிலையங்கள், நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லீற்றரை மேலும் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு விற்கின்றன. அத்தகைய தொழிற்சாலைகள் இங்கு இல்லை. எஞ்சுவது நிலம். நைத்திரசனும் பொசுபரசும் களப்புக்கு நஞ்சாயினும் தென்னைக்கும் கால்நடைத் தீவனப் புல்லுக்கும் உணவு. வயல்கள் நீருக்கு ஏங்கும் கோடையிலேயே களப்பு கழிவை ஏற்க மாட்டாதிருக்கின்றது என்பது கவனிக்கத்தக்கது. கோடையில் நிலத்துக்கும், வாய் திறந்த மாரியில் நீருக்குமாகப் பருவத்தை ஒட்டிப் பகிரும் திட்டமே இந்நிலத்தின் இயல்புக்கு இசைந்தது என எமக்குத் தோன்றுகின்றது. உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்ட வழிகாட்டிகள் அதற்கான காப்புகளைக் கூறுகின்றன. சேற்றில் இறங்கி வேலை செய்யும் கூலியாளரின் உடல்நலமே அவற்றின் முதற் கவலை. இங்கும் அதுவே முதற் கவலையாதல் வேண்டும்.

சுற்றாடற் சட்டத்தின் 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றாடற் தாக்க மதிப்பீட்டு முறையைப் புகுத்தி, அவ்வறிக்கையை 30 நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு விதித்தது. தொழினுட்ப அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படும் நாட்டில், அம்முப்பது நாள் யாருக்கு உரியது என்னும் கேள்வி எழாமற் போகாது. அறிக்கை தமிழில் வருதல் வேண்டும். அதில் ஆண்டுச் சராசரி ஓட்டம் என்னும் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக மாதந்தோறுமான ஓட்டம் தரப்படுதல் வேண்டும். மாரி வெள்ளத்தையும் கோடை வறட்சியையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் எந்தத் தோணாவும் ஆறாகிவிடும்.

மாத ஓட்டத்தை அளத்தல் பெருஞ்செலவான வேலையன்று. கிட்டங்கிப் பாலத்தடியிலும், சாய்ந்தமருதுத் தோணாவிலும், களியோடைப் பாலத்தடியிலும் வாரம் ஒருமுறை நீர்மட்டம், ஓட்டவேகம், உவர்த்தன்மை, விடியற்கால ஒட்சிசன் ஆகிய நான்கையும் பதிந்தாற் போதும்; வாய் திறந்த நாளையும் மூடிய நாளையும் ஊர் மீனவரே சொல்வர். ஒலுவிலிற் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கின்றது. அதன் மாணவர் சிலர் ஒரு மாரியும் ஒரு கோடையும் முயன்றால், எட்டு மடங்கு நீர் எத்தனை நாட்களுக்கு உண்டு என்பதை எந்த ஆலோசகரும் வருமுன்னரே எழுதி வைத்துவிடலாம்.